தனியார் நீரில் புல்கெண்டை: பிடித்தலின் சட்டமும் விடுதலின் வரலாறும்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. இடையே திருச்சூரும் எறணாகுளமும் உள்ளன. இரண்டையும் இணைப்பது ஆனைமலைத் தொடரும், அதன் கிழக்கே நீளும் தமிழக எல்லையும்தான். மலையின் வடக்கே சித்தூர் வட்டத்தின் வறண்ட சமவெளி; தெற்கே தேவிகுளம், உடும்பன்சோலை வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்கள். இரு பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். இரு பகுதிகளிலும் தனியார் உடைமையான ஏரிகளும் குளங்களும் உள்ளன. அந்நீர்நிலைகளில் வளர்க்கப்படும் மீன்களுள் புல்கெண்டையும் ஒன்று.

இந்த மீன் சீனத்து ஆறுகளுக்கு உரியது. அது இந்த ஏரிகளுக்கு எவ்வாறு வந்தது, ஒருவர் அதை விடுவதற்கும் இன்னொருவர் அதைப் பிடிப்பதற்கும் எவ்வகை உரிமைகள் அடிப்படையாக அமைந்தன என்பன மீன்வளத் துறைக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. நிலவுடைமை வரலாற்றுக்கும் சூழலியல் வரலாற்றுக்கும் உரியவை. நவீன மீன்வளச் சட்டம் உருவானபோது அதன் கவனம் முழுவதும் மீன் பிடித்தலின்மீதே இருந்தது. எந்த மீனை எந்த நீரில் விடலாம் என்பதைப் பற்றி அது பேசவில்லை. புல்கெண்டையின் பயணம் அந்த மௌனத்தின் ஊடாகவே நிகழ்ந்தது.

1. மீனுக்கு உடைமை உண்டா?

தமிழகத்தில் ஏரி மீன்மீதான உரிமை பழமையானது. இடைக்காலக் கல்வெட்டுகளில் காணப்படும் ‘பாசிப்பாட்டம்’ என்னும் சொல் நீர்நிலைகளின் மீன்பிடி உரிமைக்காகச் செலுத்தப்பட்ட வரியைக் குறிக்கிறது. இன்றும் ஊர்ப்புறங்களில் வழங்கும் ‘மீன்பாசி ஏலம்’ என்ற தொடர் அச்சொல்லின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அதே மரபில், கோடையில் நீர் வற்றியதும் ஊர் முழுவதும் கண்மாயில் இறங்கி மீன் பிடிக்கும் வழக்கமும் உண்டு. குத்தகையும் பொதுமையும் அருகருகே இயங்கிய அமைப்பு அது.

காலனிய ஆட்சி இந்த உறவை வேறு மொழியில் எழுதியது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் ‘தனியார் நீர்’ என்பதற்கு வரையறை தந்தது. ஒருவரது தனி உடைமையாக உள்ள நீர், அல்லது உரிமையாளராகவோ குத்தகைதாரராகவோ வேறு வகையிலோ ஒருவர் தனித்த மீன்பிடி உரிமை பெற்றிருக்கும் நீர் தனியார் நீர் ஆகும். பிறருக்கு வழக்காற்றின்படி மீன்பிடிக்கும் உரிமை உண்டு என்ற ஒரே காரணத்தால் அந்நீர் தனியார் தன்மையை இழக்காது என்ற விளக்கமும் உடன் சேர்க்கப்பட்டது. ஊராரின் வழக்காறு இருப்பதைச் சட்டம் அறிந்திருந்தது. அறிந்தே, அதனால் உடைமையின் பெயர் மாறாது என்று முன்கூட்டியே எழுதி வைத்தது.

நீதிமன்றங்களும் இதே காலத்தில் இக்கேள்வியைச் சந்தித்தன. அடைபட்ட குளத்தில் உள்ள மீன் இயற்கையான சுதந்திரத்தை இழந்தது. ஆகவே அதை எடுப்பது திருட்டாகும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1886இல் கருதியது. ஓடும் ஆற்றில் ஒருவருக்கு மீன்பிடி உரிமை இருந்தாலும், பிடிபடாத மீன் அவர் கைவசம் உள்ளதாகாது என்பது கல்கத்தா உயர் நீதிமன்றம் பின்னர் கொண்ட நிலைப்பாடு. இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு கோடு தெரிகிறது. மீன் யாருடையது என்பதை மீனின் இனம் தீர்மானிக்கவில்லை. நீரைச் சுற்றியுள்ள கரையே தீர்மானித்தது. கரை உடையாத வரை மீன் உடைமை. கரையைத் தாண்டினால் அது யாருக்கும் உரியதன்று.

1897ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. இக்கட்டுரையின் நிலப்பரப்பு அப்போது மூன்று ஆட்சிகளின்கீழ் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. தேவிகுளம் திருவிதாங்கூருக்கு உரியது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949இல் இணைந்தன. 1956இல் கேரளம் உருவானது. ஒரே மலைத்தொடரைச் சுற்றியிருந்த நீர்நிலைகள் இவ்வாறு வெவ்வேறு சட்ட மரபுகளின் வழியே ஒரே மாநிலத்துக்குள் வந்து சேர்ந்தன.

2. பிடித்தலை மட்டும் கண்ட சட்டம்

அச்சட்டம் எவற்றைத் தடுத்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. மீன் பிடிக்கும் நோக்கில் எந்த நீரிலும் வெடிமருந்தைப் பயன்படுத்துவது குற்றம். 2 மாதம் வரை சிறை, 200 ரூபாய் வரை அபராதம். நீரில் நஞ்சு கலப்பதும் குற்றம். வலையின் கண்ணளவு, வலைவகை, நிலையான பொறிகள், தடுப்பணைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த மாகாண அரசுகள் விதிகள் செய்யலாம். குறிப்பிட்ட ஒரு நீரில் 2 ஆண்டுகளுக்கு மிகாமல் மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கலாம். ஆனால் இவ்விதிகளைத் தனியார் நீருக்குப் பொருத்த வேண்டுமாயின், உரிமையாளரும் தனித்த மீன்பிடி உரிமை உள்ள அனைவரும் எழுத்து வடிவில் இசைவு தர வேண்டும்.

இவை அனைத்தும் மீனை நீரிலிருந்து எடுப்பது பற்றியவை. மீனை நீரில் விடுவது பற்றி அச்சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. ஆற்றுமீன் அழிகிறது என்ற கவலையே அதன் தோற்றுவாய். அக்கவலைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ் டே. இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றிய அவரது அறிக்கை 1873இல் வெளிவந்தது. கொச்சியில் பணிபுரிந்த மருத்துவரான அவர், 1865இல் மலபார் மீன்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். அதே மனிதர்தான் 1860களில் நீலகிரி நீர்நிலைகளில் ஐரோப்பிய ட்ரவுட் மீனைக் குடியேற்ற முயன்றார். முதல் முயற்சி தோல்வியடைந்தது. உள்நாட்டு மீனைக் காக்கச் சட்டம் வேண்டும் என்றவருக்கும் அயல்மீனைக் கொண்டுவர முயன்றவருக்கும் இடையே அக்காலத்தவர் எவரும் முரண்பாடு காணவில்லை. மீனைக் கூட்டுவது நன்மை, குறைப்பது தீமை என்ற கணக்கில் இரண்டும் ஒரே செயலாகத் தோன்றின.

இந்தச் சிந்தனை மலைப்பகுதியில் நீண்டகாலம் நிலைத்தது. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலைப்பரப்பு, 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியபோது தேயிலை நிறுவன நிலமாக உறுதிப்பட்டது. தோட்ட அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காக மலையோடைகளிலும் தோட்ட ஏரிகளிலும் ட்ரவுட் விடப்பட்டது. இராஜமலையில் அதற்கெனப் பொரிப்பகம் அமைந்தது. தேயிலை பறிக்கத் திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளருக்கு அந்த ஏரி வேலைத்தளத்தின் ஒரு பகுதி. அதிகாரிகளுக்குத் தூண்டில் விளையாட்டின் களம். தனியார் நீர் என்ற சொல்லின் பொருள் அங்கே முழுமையாக வெளிப்பட்டது.

ஊட்டி ஏரிக்கு 1939இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை வந்தது. ட்ரவுட் விளையாட்டுக்கான மீன்; கண்ணாடிக் கெண்டை உணவுக்கான மீன். அயல்மீன் கொள்கை விளையாட்டிலிருந்து உணவுக்கு நகர்ந்த திசையை இவ்விரு வருகைகளும் காட்டுகின்றன. புல்கெண்டை வந்தபோது அந்த நகர்வு முற்றுப்பெற்றிருந்தது.

3. ஆற்றில் பிறந்து ஊசியால் பெருகிய மீன்

புல்கெண்டையின் தாயகம் ஆமூர் ஆறு முதல் தென்சீனம் வரையிலான பெரிய ஆறுகள். அதன் முட்டை நீரில் மூழ்கிப் படியாமலும் மேலே மிதக்காமலும் ஓட்டத்தோடு நெடுந்தொலைவு உருண்டு சென்று பொரிகிறது. ஓட்டம் நின்றால் முட்டை அடியில் படிந்து அழியும். எனவே ஏரியிலோ குளத்திலோ இம்மீன் வளரும், பெருகாது. சீன விவசாயிகள் பல நூற்றாண்டுகளாக ஆற்றில் குஞ்சுகளைச் சேகரித்தே குளங்களில் விட்டு வந்தனர். தாங் மரபு அரசரின் குடிப்பெயரும் சாதாக் கெண்டையின் பெயரும் ஒலியால் ஒத்திருந்தமையால் அக்கெண்டை விலக்கப்பட்டது, அதனால் புல்கெண்டை உள்ளிட்ட வேறு கெண்டைகள் குளத்துக்கு வந்தன என்ற மரபுக்கதையை மீன்வள நூல்கள் தொடர்ந்து கூறி வருகின்றன. கதை எவ்வாறாயினும், ஒரே குளத்தில் வெவ்வேறு உணவை உண்ணும் மீன்களைச் சேர்த்து வளர்க்கும் முறை சீனத்தின் கொடை என்பதில் ஐயமில்லை.

இந்தியாவில் இதற்கான கதவைத் திறந்தது ஒரு சோதனை. 1957 ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியால் செலுத்தி இந்தியக் கெண்டையை முட்டையிடச் செய்தார். அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1959இல் ஹாங்காங்கிலிருந்து புல்கெண்டைக் குஞ்சுகள் கட்டக்கில் இருந்த மத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தன. அதே ஆண்டில் வெள்ளிக் கெண்டையும் வந்தது. 1962இல் கே. எச். அலிகுஞ்ஞியும் உடன் ஆய்வாளர்களும் இரண்டையும் ஊசிமுறையில் இனப்பெருக்கம் செய்வித்தனர். 1971இல் தொடங்கிய அகில இந்தியக் கூட்டுமீன் வளர்ப்பு ஆய்வுத்திட்டம் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று இந்திய இனங்களோடு வெள்ளிக் கெண்டை, புல்கெண்டை, சாதாக் கெண்டை ஆகிய மூன்று அயலினங்களையும் சேர்த்தது. 1970களில் மாவட்டந்தோறும் உருவான மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமைகள் இந்த ஆறு இனங்களையும் ஊர்க்குளங்களுக்குக் கொண்டு சென்றன. பாலக்காட்டில் மலம்புழா அணையை ஒட்டிய அரசு மீன்குஞ்சுப் பண்ணை இத்தொடர்ச்சியின் ஒரு கண்ணி.

இங்கு ஒரு பொருளியல் மாற்றம் கவனிக்கத்தக்கது. விரால், கெளுத்தி போன்ற உள்ளூர் மீன்கள் மழைநீரோடு தாமே ஏரிக்கு வரும், தாமே பெருகும். அவற்றுக்கு உரிமையாளர் செலவிடுவதில்லை. புல்கெண்டையோ ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்திலிருந்து விலைக்கு வாங்கப்பட வேண்டியது. விலைகொடுத்து விட்ட மீன் என்பதால் அதன்மீது உரிமை கோருவதும் எளிதாயிற்று. பழைய வழக்காறு ‘வந்த மீன்’ பற்றியது; இது ‘விட்ட மீன்’. ஊராருக்குக் கோடைக் கடைசியில் ஏரியைத் திறந்துவிடும் வழக்கம் தளர்ந்ததற்குக் குத்தகைத் தொகை மட்டும் காரணம் ஆகாது. ஏரிக்குள் இருந்த மீனின் தன்மை மாறியதும் அக்காரணங்களுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

4. சமவெளி ஏரியும் மலைக்குளமும்

சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி, கொழிஞ்ஞாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வரை, மேற்கு மழை குறைந்த நிலம். மழைநீரைத் தேக்கி வைத்தே அங்கு வேளாண்மை நடக்கிறது. மலையாளம் பொதுவாகக் குளம் என்பதை இப்பகுதித் தமிழர் ஏரி என்கின்றனர். சித்தூர்ப்புழைக்கு வரும் நீரில் ஒரு பகுதி இரு மாநில ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதல் நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி நீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். மூலத்தரையிலிருந்து பிரியும் கால்வாய்கள் அந்நீரைப் பங்கிடுகின்றன. கால்வாய் எட்டும் இடத்தில் உள்ள தனியார் ஏரியில் நீர் இரு அரசுகளின் உடன்படிக்கையால் வருகிறது. கரை ஒருவரது பட்டா நிலத்தில் நிற்கிறது. மீன் அரசுப் பொரிப்பகத்திலோ தனியார் பொரிப்பகத்திலோ வாங்கப்பட்டது. ‘தனியார் நீர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை அடுக்குகள் உள்ளன.

இந்தச் சமவெளியின் வெப்பம் புல்கெண்டைக்கு ஏற்றது. வேலம்பாசி போன்ற மூழ்கிய நீர்த்தாவரங்களை அது விரும்பி உண்ணும். தொண்டைக்குள் அமைந்த பற்களால் புல்லை அறுத்து அரைக்கும். உண்பதில் பெரும்பகுதி செரிக்காமல் வெளியேறி, குளத்துக்கு உரமாகிப் பிற மீன்களுக்கு நுண்ணுயிர் உணவைப் பெருக்கும். ஆகவே மொத்த இருப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே விடப்பட்டாலும் கூட்டுமீன் வளர்ப்பில் அதன் பங்கு பெரிது. தவிடும் பிண்ணாக்கும் வாங்க இயலாத சிறு விவசாயிக்கு, வரப்பில் வளரும் புல்லையே மீனாக மாற்றித் தந்த இனம் இது. அதன் வருகையை வெறும் அழிவுக்கதையாக எழுதுவது வரலாற்று நேர்மை ஆகாது.

இடுக்கியில் உயரம் கணக்கை மாற்றுகிறது. மூணாற்றின் குளிர்ந்த நீர் ட்ரவுட்டுக்கு உகந்தது. புல்கெண்டை அத்தகைய நீரில் மிகக் குறைவாகவே உண்ணும். சற்றுத் தாழ்ந்த ஏலத்தோட்டப் பகுதிகளிலோ பாசனத்துக்காகத் தோண்டிய குளங்களும், நெகிழித் தாள் விரித்த ‘படுதாக் குளங்களும்’ பெருகியுள்ளன. அவற்றில் மீன் வளர்ப்பதும் வழக்கமாகிவிட்டது. நில உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்குக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் விலக்கு அளித்தது. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டமும் தேயிலை பயிரிட்ட பரப்பை நிறுவனத்திடமே விட்டது. தோட்டத்துக்குள் இருந்த நீர்நிலைகளும் அவ்வாறே பெரும் உடைமைகளின் உள்ளே தொடர்ந்தன.

5. பிடிக்கக் கடினமான மீன்

விடுவதற்கு எளிய இம்மீன் பிடிப்பதற்கு எளியதன்று. இழுவலை நெருங்கும் ஓசையிலேயே அது விலகி ஓடும். வலை வளைத்தபின் மேற்கயிற்றைத் தாண்டித் துள்ளும். ஆகவே வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்க ஆட்கள் தேவை. முதல் இழுப்பில் தப்பிய மீன் அடுத்த இழுப்பில் இன்னும் எச்சரிக்கையாக இருக்கும். இதனால் நாள்தோறும் ஒரே மூலையில், மூங்கில் சட்டத்துக்குள் புல்லையோ வாழை இலையையோ போட்டுப் பழக்குவர். மீன் அங்கு கூடப் பழகியபின் வலை சுற்றுவது எளிது. தூண்டிலுக்கும் இதே பழக்கம் உதவுகிறது. மண்புழுவைவிடப் புல்லும் ரொட்டியும் இம்மீனுக்கு ஏற்ற இரை. ஏரியை முற்றிலும் வற்றவைத்தால்தான் அனைத்தையும் பிடித்துவிட்டதாக உறுதி கூற முடியும்.

இந்தத் தொழில்நுட்பச் செய்திக்கு வரலாற்றுப் பொருள் உண்டு. விட்ட மீனை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துவிடலாம் என்பது தனியார் நீரில் அயல்மீன் விடுவதற்கான மறைமுக வாதம். புல்கெண்டை அந்த வாதத்துக்கு அடங்கவில்லை. அமெரிக்காவில் 1963இல் களைக்கட்டுப்பாட்டு ஆய்வுக்காக ஆர்கன்சா, அலபாமா மாநிலங்களுக்கு வந்த இம்மீன், சில ஆண்டுகளிலேயே பண்ணைகளிலிருந்து ஆறுகளுக்குத் தப்பியது. அங்கு 1980களில் இனப்பெருக்கத் திறனற்ற மும்மடிய மீன்களை உருவாக்கி, அவற்றை மட்டுமே விடலாம் என்று பல மாநிலங்கள் விதித்தன. அதன் தாயகமான சீனத்திலேயே, ஊஹான் நகரின் தொங்ஹூ ஏரியில் மிகுதியாக விடப்பட்ட புல்கெண்டை மூழ்கிய தாவரங்களைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது. இரண்டு நாடுகளின் படிப்பினையும் ஒன்றே: கட்டுப்பாடு தேவைப்படுவது பிடிக்கும் நாளில் அன்று, விடும் நாளில்.

6. கரை உடையும்போது

தனியார் நீரின் வரையறை கரையை நம்பியது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தின் கரைகள் உடைந்தன. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. வெள்ளம் வடிந்தபின் கேரள ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் போன்ற தென், வட அமெரிக்க மீன்கள் பிடிபட்டன. அவை ஆற்றில் எவரும் அறிந்து விட்டவை அல்ல. தனியார் குளங்களிலும் பண்ணைகளிலும் தொட்டிகளிலும் வளர்ந்தவை. 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தர்க்கப்படி அதுவரை அவை உடைமை. கரை தாண்டியதும் யாருடையவும் அல்ல. உரிமை முடிந்த இடத்தில் பொறுப்பும் முடிந்துவிட்டது.

புல்கெண்டையைப் பொறுத்தவரை அச்சத்தை அளவோடு வைப்பது நன்று. அணைகளால் துண்டுபட்ட, நீளம் குறைந்த மேற்கு நோக்கிய ஆறுகள் அதன் முட்டை உருண்டோடுவதற்கு ஏற்றவை அல்ல. ஆனால் பெருகாத மீனும் நெடுங்காலம் வாழும்; வாழும் காலமெல்லாம் மேயும். பாரதப்புழை, பெரியாறு ஆகியவற்றின் தலைப்பகுதிகள் வேறெங்கும் இல்லாத மீனினங்களின் இருப்பிடம். பெரியாற்று ஏரியில் குடியேறிய சாதாக் கெண்டை அங்கு மட்டுமே வாழும் சில இனங்களுடன் உணவுக்குப் போட்டியிடுவதை ஆய்வுகள் முன்பே எடுத்துக்காட்டியுள்ளன. நீர்த்தாவரத்தை நம்பி முட்டையிடும், குஞ்சு வளர்க்கும் உள்ளூர் மீன்களுக்கு மேய்ச்சல்மீன் ஒன்றின் வருகை எளிய செய்தி அன்று.

2010இல் கேரளம் உள்நாட்டு மீன்பிடிப்பையும் நீருயிர் வளர்ப்பையும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. மீன் பிடித்தலோடு மீன் வளர்த்தலும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது என்ற அளவில் அது 1897இன் மௌனத்துக்குத் தரப்பட்ட மறுமொழி. ஆயினும் மலைத்தோட்டத்துக் குளத்துக்கும் சமவெளி ஏரிக்கும் மீன்குஞ்சு செல்லும் பாதை பொரிப்பகத்தின் விற்பனைப் பதிவேட்டிலும் குத்தகைச் சீட்டிலும்தான் எழுதப்பட்டுள்ளது. வரலாற்று மாணவர்கள் அரசாணைகளோடு அப்பதிவேடுகளையும் படிக்க வேண்டும். சித்தூரின் ஏரிக் காவலர்கள், வலைஞர்கள், ஏலத்தோட்டத் தொழிலாளர் ஆகியோரின் நினைவுகளைத் தமிழிலேயே பதிவு செய்ய வேண்டும். ஏரியில் எந்த ஆண்டு எந்த மீன் குறைந்தது, எப்போது ஊரார் இறங்குவது நின்றது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஒரு நீர்நிலை யாருடையது என்பதை ஆவணம் சொல்லும். அந்த நீரில் முன்பு என்ன வாழ்ந்தது என்பதைச் சொல்லக் கரையில் நின்றவர்கள் வேண்டும்.